'ரன்' என்றால் ஓடு மட்டுமா? ஆங்கில அகராதியில் சரியான பொருளைக் கண்டுபிடிக்கும் வழி

"பம்பை ஓட்டி உலர்த்தக் கூடாது."

தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கியபோது நான் எழுதிக் கொடுத்த வரி இது. மூலத்தில் இருந்தது 'டூ நாட் ரன் தி பம்ப் ட்ரை'. சரிபார்த்தவர் போன் செய்து, "பம்பை எதுக்குங்க உலர்த்தணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அகராதியில் 'ரன்' பார்த்தேன், 'ஓட்டு' என்று இருந்தது. 'ட்ரை' பார்த்தேன், 'உலர்த்து' என்று இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். அந்த வரி சொல்ல வந்ததோ, உள்ளே தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட விடாதே, விட்டால் சீல் கருகிவிடும் என்பது. எச்சரிக்கை வரியிலேயே கோட்டை விட்டிருந்தேன்.

அகராதியில் தப்பில்லை. எனக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை. கடினமான சொல் என்றால் பிரச்சினை வராது, அதற்கு ஒன்றிரண்டு பொருள்தான் இருக்கும். ரன், செட், கெட், டேக், புட், மேக் மாதிரி ஐந்தாம் வகுப்புச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430க்கும் மேற்பட்ட பொருள்கள். பிறகு திருத்தி எழுதியபோது 'ரன்' அதைத் தாண்டிவிட்டது, வினைக்கு மட்டும் 645 பொருள். கற்போருக்கான அகராதிகளில் இது சில பத்துகளாகச் சுருங்கிவிடும், ஆனால் புதிதாகப் பார்ப்பவருக்கு அதுவே தலைசுற்றும். அந்தப் போனுக்குப் பிறகு தட்டுத்தடுமாறி நான் பழகிக்கொண்ட முறையை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு 'ரன்' ஒன்றையே கடைசி வரை பிடித்துக்கொள்கிறேன். மற்ற சொற்களுக்கும் இதே வழிதான்.

1. அகராதியைத் திறக்காதீர்கள், முதலில் வாக்கியத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் வேண்டும். சொல் வரும் முழு வாக்கியம், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியம், அது எந்த மாதிரி எழுத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு. கையேடா, செய்தியா, குத்தகைப் பத்திரமா, கதையா, விளையாட்டு வருணனையா என்று ஒரே சொல்லில் குறித்தால் போதும். சொல்லை மட்டும் துண்டாக எடுத்துக்கொண்டு அகராதிக்குப் போவது, மருந்துச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போவது போல.

அடுத்து, அந்தச் சொல் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டு, மற்றதைத் தமிழில் எழுதுங்கள். சட்டையின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் துண்டில் 'வாஷ் செபரேட்லி, கலர்ஸ் மே ரன்' என்று இருக்கிறது. தமிழில்: தனியாகத் துவைக்கவும், சாயம் ______. உங்கள் வாயிலேயே 'போகும்' என்று வந்துவிட்டது இல்லையா? இன்னும் அகராதியைத் தொடவே இல்லை. இன்னொன்று, 'தி லீஸ் ரன்ஸ் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. குத்தகை ஐந்து வருடத்துக்கு ______. 'இருக்கும்', 'செல்லும்' என்று எதைப் போட்டாலும் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள்.

இப்படி ஒரு ஊகத்தோடு அகராதிக்குப் போனால் தேடுவது எதை என்று தெரியும். ஊகம் இல்லாமல் போனால் முதலில் கண்ணில் படும் பொருள் நம்மை இழுத்துக்கொள்ளும். என் பம்பு அப்படித்தான் உலர்ந்தது.

பொறி: ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள். எனக்குச் சில சமயம் ஊகத்தின் மேல் காதல் வந்து, அகராதி வேறு சொன்னாலும் விட மனசு வராது.

2. பெயரா, வினையா? வினை என்றால் ஓடுவதா, ஓட்டுவதா?

முன்னால் 'எ' அல்லது 'தி' நின்றால் பெரும்பாலும் பெயர். முன்னால் 'டு', 'வில்', 'கேன்' போன்றவை நின்றால் வினை. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பதிவில், அதாவது அகராதி அந்தச் சொல்லுக்கு ஒதுக்கிய பகுதியில், பெரும்பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

அடுத்த கேள்விதான் தமிழர்களுக்கு முக்கியம். நம் மொழியில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தானாக நடந்தால் ஒன்று, ஒருவர் நடத்தினால் வேறொன்று. திரும்பு–திருப்பு, உருகு–உருக்கு என்று இது நம் காதில் ஊறிய பிரிவு. ஆங்கிலத்தில் 'ரன்' இரண்டு வேலையையும் பார்க்கும், உருவம் மாறாது. அதனால் பின்னால் 'எதை?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

'ஷீ ரன்ஸ் எவ்ரி மார்னிங்': எதை ஓடுகிறாள்? கேள்வியே பொருந்தவில்லை. ஆக, ஓடுகிறாள்.

'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்': எதை? பள்ளியை. ஆக, நடத்துகிறாள்.

'ஷீ இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்': எதை? வெப்பத்தை. அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

மூன்றிலும் எழுவாய் ஒன்றுதான், பொருளை மாற்றியது பின்னால் வந்த சொல். அகராதியில் இந்தப் பிரிவுக்கு அடையாள எழுத்துகள் போட்டிருப்பார்கள். வினையில் 'டி' என்றால் 'எதை?' என்ற கேள்விக்கு விடை இருக்கும், 'ஐ' என்றால் இருக்காது. பெயரில் 'சி' என்றால் எண்ணலாம், 'யூ' என்றால் எண்ண முடியாது. பொடி எழுத்தில் இருப்பதால் நான் பல வருடம் இவற்றை அச்சுப் பிழை மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன். தாண்டாதீர்கள்.

3. வாலைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆங்கில வினைக்குப் பின்னால் அப், டவுன், அவுட், இன்டு, ஓவர், த்ரூ, பை என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அது புதுச் சொல். 'ரன் இன்டு எ ஃப்ரெண்ட்' என்றால் நண்பரை எதிர்பாராமல் சந்திப்பது. 'ரன் அவுட் ஆஃப் பேப்பர்' என்றால் தாள் தீர்ந்துபோவது. 'ரன் த்ரூ தி லிஸ்ட்' என்றால் பட்டியலை ஒருமுறை வேகமாகப் பார்ப்பது. ஓட்டம் எதிலுமே இல்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு 'ரன் அவுட்' என்றாலே ஸ்டம்பு சரிவதுதான் கண்ணில் வரும். பிரிண்டரின் மை 'ரன் அவுட்' ஆகும்போது அதை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

இவை 'ரன்' பதிவின் நடுவில் இருக்காது. சில அகராதிகள் பதிவின் அடியில் தனிப்பகுதியாகப் போடும், சில தனித் தலைச்சொல்லாகவே, அதாவது தனிப் பதிவின் தலைப்பாகவே, போடும். மேலிருந்து வரிசையாகப் படித்து வந்தால் அங்கே போய்ச் சேரும் முன் களைத்துவிடுவீர்கள். வால் இருக்கிறது என்று தெரிந்தால் நேராகக் கடைசிக்குப் போங்கள்.

'ரன் டவுன்' ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். 'தி பேட்டரி ஹேஸ் ரன் டவுன்' என்றால் பேட்டரியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. 'ஹீ ஆல்வேஸ் ரன்ஸ் ஹிஸ் பிரதர் டவுன்' என்றால் தம்பியை எப்போதும் மட்டம் தட்டுகிறான். அதே சொற்கள் ஒரு லாரியைப் பற்றிய செய்தியில் வந்தால் மோதிச் சாய்த்தது என்று பொருள். நடுவில் இணைப்புக்கோடு போட்டு 'ரன்-டவுன் பில்டிங்' என்றால் பராமரிப்பில்லாமல் இடிந்து கிடக்கும் கட்டடம். ஓர் ஆளைப் பற்றி 'ரன்-டவுன்' என்றால் உடம்பு சோர்ந்து கிடக்கிறார். இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக 'ரன்டவுன்' என்றால் சுருக்கமான விவரம். இடைவெளி, கோடு, ஒட்டு மூன்றும் சேர்ந்து பொருளை இவ்வளவு மாற்றுகின்றன. வாக்கியத்தைத் தாளில் எழுதும்போது இணைப்புக்கோட்டை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு.

வால் சில சமயம் விலகி நிற்கும். மேலே தம்பியை மட்டம் தட்டிய வாக்கியத்தில் 'ரன்ஸ்' ஒரு பக்கம், 'டவுன்' வாக்கியக் கடைசியில். வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படித்தால்தான் வால் தெரியும்.

இன்னொன்று, குட்டிச் சொல் எல்லாமே வால் இல்லை. 'ரன் அப் தி ஹில்' என்றால் குன்றின் மேல் ஓடி ஏறுவது, அவ்வளவுதான். 'ரன் அப் எ பில்' என்றால் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. எப்படிப் பிரிப்பது? 'எங்கே?' என்று கேளுங்கள். எங்கே ஓடினான், குன்றின் மேல், சரி. எங்கே ஓடினான், பில்லின் மேல் என்று சொன்னால் சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் அது வால்.

4. எந்த அகராதி, எவ்வளவு செலவு

செலவு கிட்டத்தட்ட இல்லை. நான் முதலில் தடிமனான ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அது அலமாரியிலேயே இருக்கிறது.

தொடங்குபவருக்கு வேண்டியது கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன், காலின்ஸ் நான்குமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, விளம்பரம் மட்டும் கொஞ்சம் இருக்கும். லாங்மன் ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் விளக்கத்தை முடித்துவிடும், அதனால் விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேடத் தேவையில்லை. காலின்ஸின் கற்போர் அகராதியான கோபில்டு, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதும். 'நீங்கள் ஒரு நிறுவனத்தை ரன் செய்தால், அதற்கு நீங்களே பொறுப்பு' என்ற பாணியில் இருக்கும். பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்பதை விளக்கமே காட்டிவிடுவதால், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்டாதீர்கள். பழைய நூல்களைப் படிப்பவருக்கும் சொல்லின் வேரைத் தேடுபவருக்கும்தான் அது. அப்படியே தேவைப்பட்டாலும், பல பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் தம் உறுப்பினர்களுக்கு அதைத் திறந்துவிடுகின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஆங்கில–தமிழ் அகராதியைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் அருமையான நூல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அது காற்புள்ளி போட்டு இணைச்சொற்களை அடுக்கும், எந்தச் சொல் எந்த வாக்கியத்துக்கு என்று காட்டாது. பொருள் எது என்று முடிவான பிறகு, நல்ல தமிழ்ச் சொல் எடுக்க அங்கே போனால் தங்கச் சுரங்கம். முடிவாகும் முன் போனால் காடு.

நான்காவதாக ஒன்று, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் அகராதி எதற்கு என்று தோன்றும். ஏழாவது படியில் சொல்கிறேன்.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் ஓரளவு உதவும். ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அதற்கும் நம்மைப் போலத்தான், ஊகிக்க எதுவும் இருக்காது.

5. பதிவை மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள்

முதல் பொருள்தான் முக்கியப் பொருள் என்று நினைப்பது இயல்பு. அது அகராதிக்கு அகராதி மாறும். கற்போருக்கான அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளைப் பெரும்பாலும் மேலே வைக்கும். பெரிய ஆக்ஸ்ஃபோர்டும் அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டரும் வரலாற்று வரிசையில் போகும், அதாவது பழைய பொருள் முதலில். அங்கே முதல் வரியை எடுத்தால் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய பொருளை எடுத்ததாகிவிடலாம். எதைத் திறந்தாலும் வரிசை முறை எது என்று ஒருமுறை முன்னுரையில் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, அதோடு முடிந்தது.

தலைச்சொல்லின் மேல் ஓரத்தில் சின்னதாக 1, 2 என்று எண் இருந்தால் அது அடிக்குறிப்பு எண் இல்லை. 'பேங்க்' என்ற சொல்லைப் பாருங்கள். ஒன்று ஆற்றங்கரை, இன்னொன்று வங்கி. எழுத்து ஒன்றாக இருந்தாலும் அகராதி இவற்றை வேறு வேறு சொல்லாகவே நடத்தி எண் போடும். ஒன்றின் பதிவு முடிந்ததும் இன்னொன்று தொடங்கும், முதல் பதிவோடு மூடிவிட்டால் கரையிலேயே நின்றுவிடுவீர்கள். லாங்மன் மாதிரி சில அகராதிகளில் அதே எண் வினைக்கு ஒரு பதிவு, பெயருக்கு ஒரு பதிவு என்று பிரிக்கும். இரண்டாவது படியில் பெயரா வினையா என்று முடிவு செய்தது இங்கே கைகொடுக்கும்.

பல அகராதிகளில், நீண்ட பதிவுக்குள் பொருளுக்கு முன்னால் பெரிய எழுத்திலோ நிறத்திலோ ஒரு கைகாட்டிச் சொல் இருக்கும். வணிகம், எந்திரம், நீர், தேர்தல் என்கிற மாதிரி. முதல் படியில் எழுதிய 'எந்த மாதிரி எழுத்து' என்ற குறிப்பை எடுத்து இந்தக் கைகாட்டிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். விளக்கங்களைப் படிக்கவே வேண்டாம். நாற்பது பொருளில் மூன்றோ நான்கோ மிஞ்சும்.

மிஞ்சியவற்றிலும் விளக்கத்தைப் பிறகு படியுங்கள், முதலில் உதாரண வாக்கியங்கள். உங்கள் வாக்கியம் போலவே ஒன்று கண்ணில் பட்டால் அதுதான். விளக்கம் எழுதியவர் சொல்லைச் சுருக்கிச் சொல்லியே ஆக வேண்டும், உதாரணத்தில் அந்த நெருக்கடி இல்லை.

அப்புறம் சாய்வெழுத்தில் வரும் முத்திரைகள். 'இன்ஃபார்மல்' என்றால் பேச்சில் மட்டும். 'ஓல்ட் ஃபேஷன்ட்' என்றால் இப்போது யாரும் சொல்வதில்லை. நாட்டு முத்திரையும் இருக்கும். தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்'. அவர் ஓடுகிறார், இவர் நிற்கிறார், வேட்பாளர் என்னவோ ஒரே மாதிரிதான். பன்மையில் 'தி ரன்ஸ்' என்று பேச்சு முத்திரையோடு வந்தால் வயிற்றுப்போக்கு. கிரிக்கெட் ஸ்கோர் என்று எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

இந்தப் படியின் பெரிய பொறி, சொல்லின் திரிந்த உருவம். 'த்ரீ டேஸ் ரன்னிங்' என்றால் தொடர்ந்து மூன்று நாள். இதை 'ரன்' பதிவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காமல் போகலாம், 'ரன்னிங்' என்று தனித் தலைச்சொல் இருக்கிறது. 'ரன்-ஆஃப்-தி-மில்' என்பதும் அப்படித்தான், தனிப் பதிவு. மில்லுக்கும் அதற்கும் இன்று தொடர்பில்லை, 'விசேஷமாக ஒன்றுமில்லாத, சாதாரணமான' என்று பொருள்.

6. கூட்டாளி யார் என்று கேளுங்கள்

இரண்டு பொருள் மிஞ்சி, எது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். இதற்கு நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. ஒரு சொல் பல பொருள் தருவதைத் தொல்காப்பியம் 'பலபொருள் ஒருசொல்' என்கிறது. அதில் சேரும் வினை, உடன் வரும் இனம், சொல்லப்படும் சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியும் என்றும் சொல்கிறது. உரைகளில் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம். கவசம் போட்டு நிற்கிறவன் மா கொண்டு வா என்றால் குதிரை. ஆங்கில அகராதி பார்ப்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

'தேர் வாஸ் எ ரன் ஆன் தி பேங்க்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் ஓட்டப் பந்தயமா? இனத்தைப் பாருங்கள், அடுத்த வரியில் 'டெபாசிட்டர்ஸ்' இருக்கிறது. சார்பைப் பாருங்கள், பொருளாதாரச் செய்தி. ஆக, வங்கி கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் மக்கள் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். இப்போது அகராதியில் 'ஆன் எ பேங்க்' என்ற உதாரணத்தைத் தேடுங்கள், கிடைத்துவிடும்.

7. பொருத்திப் பாருங்கள், பிறகு தமிழில் இறக்குங்கள்

எடுத்த பொருளை ஆங்கில வாக்கியத்திலேயே 'ரன்' இருந்த இடத்தில் வைத்து வாசியுங்கள். 'டூ நாட் ஆபரேட் தி பம்ப் வித்தவுட் வாட்டர்' என்று மாற்றிப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். வாக்கியம் நொண்டினால் பொருள் தவறு, அல்லது வாலை விட்டுவிட்டீர்கள்.

தமிழுக்கு வரும்போது வாக்கியத்தின் உருவம் மாறத்தான் செய்யும், அதற்குப் பயப்படாதீர்கள். அவள் வெப்பத்தை ஓட்டவில்லை, அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. எழுவாய் நான்காம் வேற்றுமைக்குப் போய்விட்டது, போகட்டும். 'இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி' என்பதைப் பரம்பரையாக வருகிறது என்று முடித்தால் போதும், ஓட்டத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. மூக்கு ஒழுகும், குழாயில் தண்ணீர் வரும், பத்திரிகை கட்டுரையை வெளியிடும், சாலை ஆற்றை ஒட்டிப் போகும். அத்தனையும் அங்கே 'ரன்'.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில இடத்தில் நம் 'ஓடு' தானாகவே பொருந்தும். படம் நூறு நாள் ஓடும், பேருந்து ஓடும், கடிகாரம் ஓடும். ஓட்டம் என்று எழுதினாலே நேர்ப்பெயர்ப்பு என்று பயந்து 'இயங்குகிறது' என்று எல்லா இடத்திலும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேருந்து இயங்குகிறது என்று அறிவிப்புப் பலகையைத் தவிர யார் சொல்கிறார்கள்? சந்தேகம் வந்தால் க்ரியா அகராதியில் 'ஓடு' பதிவைத் திறந்து உதாரணங்களைப் பாருங்கள். தமிழில் அந்தச் சொல் எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்று தெரியும். அதற்குத்தான் நான்காவது அகராதி.

8. எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது

இந்த முறையில் முதல் வாரம் ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் ஆனது எனக்கு. எரிச்சலாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். ஒரு மாதத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு வந்தது. காரணம், முதல் மூன்று படிகளும் மனதுக்குள்ளேயே ஓடத் தொடங்கிவிடும், தாள் தேவைப்படாது.

கால் மணி நேரம் தாண்டியும் பிடிபடவில்லை என்றால் நிறுத்துங்கள். பெரும்பாலும் சொல்லில் சிக்கல் இருக்காது, அந்தத் துறை நமக்குத் தெரியாததாக இருக்கும். அகராதியை மூடிவிட்டுத் துறை தெரிந்தவரைக் கேளுங்கள். பம்பு பழுது பார்ப்பவர் ஒருவரிடம் 'ட்ரை ரன்' என்றால் என்ன என்று கேட்டிருந்தால், அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். அலுவலகத்தில் அதே 'ட்ரை ரன்' என்றால் ஒத்திகை என்பது வேறு கதை.

ஒரு நோட்டு போடுங்கள். பெரிய சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். இடப்பக்கம் முழு ஆங்கில வாக்கியம், வலப்பக்கம் நீங்கள் முடிவு செய்த தமிழ் வாக்கியம், கீழே தேதியும் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும். தனிச் சொல்லுக்கு எதிரே தனிச் சொல் எழுதாதீர்கள். அப்படி எழுதிய என் முதல் நோட்டில் 'ரன் – ஓடு, ஓட்டு, நடத்து, வடி, செல்' என்று ஒரு வரி இருக்கிறது. எது எங்கே என்று எனக்கே இப்போது தெரியாது.

அந்தப் பம்புக் கையேட்டைத் திருத்தும்போது 'ரன்' வரும் இடங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினேன். சோதனை ஓட்டம், தொடர்ந்து ஓடும் நேரம், கேபிளைச் சுவரோரமாகக் கொண்டு செல்லவும், பேட்டரி தீர்ந்தால், குழாயில் தண்ணீர் வரும் வரை காத்திருக்கவும், தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டக் கூடாது. திருத்திய பிரதியை அனுப்பிய பிறகு இன்னொருவர் போன் செய்தார். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை தமிழ் வருகிறதே, ஒன்றாக்கக் கூடாதா என்று கேட்டார். கையேட்டு வேலையில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், நியாயமான கேள்வியும்தான். அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். இப்போதெல்லாம் அவர்கள் கேட்கும் முன்பே வேலையோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.